பாரலாக்ஸ்: இடமாறு தோற்றம்

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அப்புறம் கண்ணை மாற்றிப் பாருங்கள். விரல் அசையவே இல்லை. ஆனாலும் பின்னாலுள்ள சுவரில் அது வேறு இடத்துக்குத் தாவியதுபோலத் தெரியும். பார்க்கிற இடம் மாறும்போது பொருளே இடம் மாறியதாகத் தோன்றும் இந்த விளைவுக்குத்தான் பாரலாக்ஸ் என்று பெயர்.

கிரேக்க மொழியில் ‘பாரலாக்சிஸ்’ என்றால் மாறுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சூரிய சித்தாந்தம் போன்ற பழைய இந்திய வானியல் நூல்களும் இதே விளைவை ‘லம்பனம்’ என்ற பெயரில் கணக்கிட்டன. சூரிய கிரகணம் ஓர் ஊரில் எந்த நேரத்தில் தெரியும் என்று கணிக்க அது தேவைப்பட்டது.

தமிழில் வழங்கும் சொல் இடமாறு தோற்றம். மிக நல்ல ஆக்கம் இது. தோற்றம்தான் மாறுகிறது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது.

பள்ளியில் இந்தச் சொல் பெரும்பாலும் ‘இடமாறு தோற்றப் பிழை’ என்றே அறிமுகமாகிறது. அளவுகோலுக்குக் கனம் உண்டு. கோடுகள் மேல்முகத்தில் இருக்கின்றன, நாம் அளக்கும் கோடோ கீழே தாளில் இருக்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தால் அளவு கூடும், மறுபக்கம் சாய்த்தால் குறையும். கண் செங்குத்தாக மேலே இருந்தால் பிழை வராது. அளவுகோலை விளிம்பில் நிறுத்திக் கோடுகள் தாளைத் தொடும்படி வைப்பது இன்னும் நல்லது. மின்னோட்டத்தை அளக்கும் சில அம்மீட்டர்களில் முள்ளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டை இருப்பதும் இதற்காகத்தான். முள் தன் பிம்பத்தை மறைக்கும்போது அளவைக் குறித்துக்கொண்டால் சரி.

ஆனால் ‘பிழை’ இந்தச் சொல்லோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வானியலில் இதே விளைவுதான் அளவுகோல். பூமி சூரியனைச் சுற்றுவது உண்மையென்றால், ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது அருகிலுள்ள விண்மீன்கள் சற்று இடம் மாறித் தெரிய வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே தேடியும் அப்படி எதுவும் தென்படவில்லை. பூமி நகரவில்லை என்று அவர் கருதியதற்கு இதுவும் ஒரு காரணம். உண்மையில் அந்த மாற்றம் வெறும் கண்ணால் அளக்க முடியாத அளவுக்குச் சிறியது. 1838-இல் ஜெர்மானிய வானியலாளர் பிரெடரிக் பெஸல், 61 சிக்னி என்ற விண்மீனுக்கு அதை அளந்து வெளியிட்டார். ஆறு மாத மாற்றத்தில் பாதியைத்தான் இடமாறு தோற்றக் கோணமாகக் கொள்வார்கள். அது ஏறத்தாழ 0.3 விகலை. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு விகலை. அந்தச் சிறு கோணத்திலிருந்து கிடைத்த தொலைவு பத்து ஒளியாண்டுக்கும் மேல்.

பார்செக் என்ற தொலைவு அலகும் இதிலிருந்து பிறந்ததே. இடமாறு தோற்றம் ஒரு விகலையாக உள்ள விண்மீனின் தொலைவு ஒரு பார்செக், சுமார் 3.26 ஒளியாண்டு. ஆகவே விண்மீன்களைப் பற்றி எழுதும்போது ‘இடமாறு தோற்ற முறை’ என்று எழுதுங்கள். ‘பிழை’யை ஆய்வகக் குறிப்பேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.