அணு

'அணு' என்றால் மிக நுண்ணியது. வடமொழியிலிருந்து வந்து தமிழில் ஊறிப்போன சொல். கிரேக்கத்தின் 'ஆட்டமோஸ்' வேறு. வெட்ட முடியாதது என்று அதற்குப் பொருள். பொருளை உடைத்துக்கொண்டே போனால் மிஞ்சுவது எது என்ற கேள்விக்கான விடையையே பெயராக வைத்துவிட்டார்கள். 1897-இல் எலக்ட்ரானும், 1911-இல் அணுக்கருவும் தெரியவந்ததும் அந்தப் பெயர் பொய்த்தது. 'அணு' பொய்க்கவில்லை.

அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியவர் எங்கள் ஊர்க்காரர், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். கூலம் என்றால் தானியம். மணிமேகலையின் 27-ஆம் காதையில் ஆசீவகவாதி, அதாவது ஆசீவகம் என்ற பழைய சமயத்தைச் சேர்ந்தவன், ஐந்து வகை அணுக்களைச் சொல்கிறான்: நிலம், நீர், தீ, காற்று, உயிர். அவை அழியா, நீரணு நிலவணுவாகத் திரியாது, 'ஒன்று இரண்டாகிப் பிளப்பதும் செய்யா'. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த அடி, 'அவல்போல் பரப்பதும் செய்யா'.

கீழமாசி வீதிக் கடையில் அவல் வாங்கியபோதுதான் இந்த அடி எனக்குப் பிடிபட்டது. ஒன்றை விரலில் எடுத்துப் பாருங்கள். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்தது. உடையவில்லை, அதே ஒரு மணிதான். ஆனால் தட்டையாகி, ஓரம் பிசிறி, இரு மடங்கு அகன்று கிடக்கிறது. உடையாமலே ஒரு பொருள் உருமாறலாம் என்பது தானியம் அள்ளிய கைக்குத் தெரியும். கடைசிப் பொருளுக்கு அந்த மாற்றமும் கிடையாது என்கிறார். (அணுக்கொள்கை பேசிய கணாதரின் பெயருக்கும் 'தானியத் துணுக்கை உண்பவர்' என்றே பொருள் சொல்வார்கள்.)

சரி, தனித்தமிழில் என்ன சொல்வது? பலரும் 'துகள்' என்பார்கள். பழைய நீட்டலளவையில் 8 அணு சேர்ந்தால் ஒரு தேர்த்துகள். சித்திரைத் தேர் மாசி வீதியில் திரும்பும்போது வெயிலில் மிதக்கிறதே, அந்தத் தூசி. பிறகு பஞ்சிழை, மயிர், மணல், கடுகு, எள், நெல் என்று எட்டெட்டாக ஏறும். ஆக ஒரு நெல்லுக்கு 20,97,152 அணு. அங்கே அணுவைவிடத் துகள் பெரிது. இன்றைய இயற்பியலிலோ அணுவுக்குள்தான் துகள்கள்.

அதனால் 'அணு'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'துகள்' போடுவது எனக்குச் சம்மதமில்லை. அணு அணுவாகவே இருக்கட்டும். சாத்தனார் காட்டிய இலக்கணத்துக்கு, அதாவது பிளக்காததற்கு, 'அடிப்படைத் துகள்' என்று எழுதலாம். எலக்ட்ரானும், அணுக்கருவின் புரோட்டான், நியூட்ரான்களுக்குள் இருக்கும் குவார்க்கும் அந்த வகை; இதுவரை எந்தச் சோதனையிலும் அவை இரண்டாகப் பிளந்ததில்லை.