சைக்கிளுக்கு ஏர் ஹாரன் கட்டலாமா? இடித்துவிட்டுப் போனால் என்ன கேட்டு வாங்கலாம்?

பின்னால் வரும் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே கைப்பிடியை உரசுகிற தூரத்தில் போகிறது. கார்க்காரர் இடது பக்கம் ஒடிக்கும்போது அங்கே ஒரு சைக்கிள் இருப்பதையே பார்ப்பதில்லை. நாமும் சைக்கிளில் பெரிய ஹாரன் மாட்டிக்கொண்டால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காற்று அடைத்து ஊதுவது, சார்ஜ் போட்டு ஒலிப்பது என்று எல்லா வகையும் கிடைக்கிறது. சிலவற்றின் அட்டையிலேயே 120 டெசிபல் என்று பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். கட்டலாமா, போலீஸ் பிடிக்குமா என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் உள்ள 119-ஆவது விதி, பல சுரங்களில் மாறி மாறி ஒலிக்கும் ஹாரன்களையும் காதைக் கிழிக்கும் ஹாரன்களையும் தடை செய்கிறது. அது மோட்டார் வாகனங்களுக்கான விதி. சைக்கிள் அதில் வராது. அதற்காக எங்கும் ஊதலாம் என்று நினைக்க வேண்டாம். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம். அங்கேயும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளிலும் ஹாரன் கூடாது. எந்த வண்டியின் ஹாரன் என்று அந்த விதி பிரித்துப் பேசவில்லை.

உங்களை விரட்டி விரட்டி ஹாரன் அடிக்கிறாரே, அவருக்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 194எஃப் பிரிவின்படி, தேவையில்லாமலோ தொடர்ச்சியாகவோ ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்தடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். அப்படி ரசீது வாங்கியவர் யாரையாவது பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், மிதமான ஹாரன் போதும். கார் ஹாரன் போலவே ஒலிப்பதை மாட்டினால், ஓட்டுநர் கண்ணாடியில் காரைத்தான் தேடுவார், சைக்கிளைப் பார்க்கமாட்டார். பக்கத்தில் போகிற ஸ்கூட்டர்காரர் மிரண்டு விழுந்தால் அந்தப் பழியும் உங்கள் தலையில். நாளைக்கு உங்களையே யாராவது இடித்தால், "ஹாரன் அடித்து மிரட்டினார், அதில்தான் ஸ்டீயரிங் திரும்பிவிட்டது" என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்ததாகவும் ஆகும்.

சரி, இப்போது அந்த அவசரமான விஷயம். சைக்கிளில் போகிறவர் இடிபட்டால் அவருக்குச் சட்டப்படி சிகிச்சையும் பணமும் உண்டு. அவர் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், சட்டம் ஹெல்மெட்டும் கேட்கவில்லை. ஆனால் கூலி வேலைக்கும் இரவுக் காவலுக்கும் சைக்கிளில் போகிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படி இடிபடுகிறார்கள். எதிர்த்துக் கேட்கத் தெம்பில்லாத ஆட்கள் என்பது ஆபீஸில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் காகிதத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் போய்விடுகிறது.

முதலில் கோட்டை விடுவது ஆஸ்பத்திரியில். அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு ஒன்று எழுதுவார்கள். ஏஆர் காப்பி என்பார்கள். வலியில் இருக்கும் ஆளிடம் "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்பார்கள். "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்" என்று அவர் சொல்வார். அப்படியே "சைக்கிளில் இருந்து தவறி விழுந்தார்" என்று ஏறிவிடும். இடித்த கார் காணாமல் போய்விட்டது, அவ்வளவுதான். பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். கூடப் போகிறவர் யாராக இருந்தாலும், இன்ன வண்டி மோதி விழுந்தார் என்று சொல்லி எழுத வையுங்கள். நம்பர் தெரிந்தால் நம்பர். தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத கார்" என்றாவது இருக்க வேண்டும்.

இடிக்கவே இல்லை, நெருக்கித் தள்ளியதில் பள்ளத்தில் விழுந்தார் என்றால்? சட்டம் பேசுவது மோட்டார் வாகனப் பயன்பாட்டால் நேர்ந்த விபத்தைப் பற்றி. வண்டி தொட்டே ஆக வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை. நிரூபிப்பதுதான் கஷ்டம். பார்த்தவர் ஒருவருடைய பெயரும் போன் நம்பரும், பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவும் அன்றைக்கே வேண்டும். பல கேமராக்களில் சில நாளிலேயே பழைய பதிவு அழிந்துவிடும்.

சிகிச்சைச் செலவுக்கு இரண்டு வழிகள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். இரண்டுக்கும் பொதுவான பொறி: பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். பதற்றத்தில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், முன்பணம் கட்டச் சொல்வார்கள். 108 வண்டியில் ஏறும்போதே, "48 திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து ஸ்டேஷன். புகார் கொடுத்ததும் ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து "போய்ட்டு வாங்க, பார்த்துக்கிறோம்" என்பார்கள். ஜனங்களும் கேஸ் போட்டாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிஎஸ்ஆர் என்பது மனு வந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான். அதை வைத்து ஒரு பைசா வாங்க முடியாது. எஃப்ஐஆர் வேண்டும். எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவே சொல்கிறது. "இது எங்க எல்லை இல்லை" என்பதும் சாக்குதான். எந்த ஸ்டேஷனிலும் பதிந்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் வேலை. பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்ஐஆர் போட்டாலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டேஷன் ரைட்டர் வேக வேகமாக எழுதும்போது "சைக்கிளில் வந்தவர் திடீரெனக் குறுக்கே திரும்பியதால்" என்று ஒரு வரி நுழைந்துவிடும். இழப்பீட்டில் எவ்வளவு சதவீதம் உங்கள் தவறு என்று பார்த்துக் கழிப்பார்கள். அந்தக் கழிப்புக்கு அந்த ஒரு வரி போதும். இரவு விபத்தென்றால் "லைட் இல்லை" என்பதும் சேரும். பின்பக்கம் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் மாட்டிவைப்பது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, இந்த வாதத்துக்கும் பதில். உடைந்த சைக்கிளை எடுத்துப் போவதற்கு முன் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பவ இடத்திலேயே ஆயிரமோ ரெண்டாயிரமோ கொடுத்து, "கேஸ் எதுக்குங்க, நம்மளுக்குள்ள முடிச்சுக்குவோம்" என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். தலையில் அடிபட்டது மறுநாள்தான் தெரியும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி நம்பர் கிடைத்துவிட்டால் வழி தெளிவு. மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு சொல்கிறது. கெடு 6 மாதம். இது 2022 ஏப்ரல் 1 முதல் வந்தது. முன்பு கெடு இல்லாமல் இருந்ததால், கால் எலும்பு கூடட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்துவிட்டு வந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. அதை நம்பி நாளைத் தள்ள வேண்டாம்.

யார் தப்பு என்று நிரூபிக்காமலே கேட்கக்கூடிய வழி ஒன்றும் உண்டு: அதே சட்டத்தின் 164-ஆவது பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். கேட்க நன்றாக இருக்கும். இங்கேதான் பெரிய பொறி. அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டால், தீர்ப்பாயத்தில் உள்ள உங்கள் மனு காலாவதியாகிவிடும். வேலைக்கே போக முடியாமல் முடங்கிப்போனவருக்குத் தீர்ப்பாயத்தில் கிடைக்கக்கூடியது இதைவிடப் பல மடங்கு இருக்கலாம். இன்சூரன்ஸ் ஆள் வீட்டுக்கே வந்து "உடனே செக்" என்றால், ஏன் உடனே தருகிறார் என்று யோசியுங்கள். இடித்தது அரசு பஸ் என்றால் தடம் எண், நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராமல், கோர்ட் ஊழியர்கள் பஸ்ஸை ஜப்தி செய்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள்.

நம்பரே கிடைக்கவில்லை என்றால், 'இடித்துவிட்டு ஓடிய வாகன விபத்து இழப்பீட்டுத் திட்டம் 2022'. மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதற்கு முன் 25,000-மும் 12,500-மும்தான். வழிமுறை காகிதத்தில் அழகாக இருக்கிறது: படிவம் 1-ஐ தாசில்தாரிடமோ கோட்ட அளவிலான வருவாய் அதிகாரியிடமோ கொடுக்க வேண்டும், அவர் ஒரு மாதத்தில் கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், கலெக்டர் 15 நாளில் உத்தரவிட வேண்டும், அடுத்த 15 நாளில் பணம் வங்கிக் கணக்கில் ஏறும்.

நடப்பது வேறு. தாலுகா ஆபீஸில் "இப்படி ஒரு ஸ்கீமே எங்களுக்கு வரலையே" என்பார்கள். கலெக்டர் ஆபீஸில் "தாசில்தார் ரிப்போர்ட் வரணும்" என்பார்கள். தாசில்தார் "போலீஸ் லெட்டர் கொண்டு வாங்க" என்பார். ஸ்டேஷனில் "இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம்" என்பார்கள். தேடிக்கொண்டே இருக்கும்வரை வண்டி 'கண்டுபிடிக்க முடியாதது' ஆகாது. ஆகாதவரை பணம் கிடையாது. 2022-இல் நாட்டில் 67,387 இடித்து-ஓடிய விபத்துகள் பதிவாகின. 2022-23-இல் இந்தத் திட்டத்துக்கு வந்த மனுக்கள் 205, தீர்க்கப்பட்டவை 95. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய எண்ணிக்கை இது.

அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்போது போட்ட உத்தரவுதான் உங்கள் பிடி. எஃப்ஐஆர் போட்டு ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்தத் திட்டத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி காயம்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எந்த அதிகாரியிடம் போவது என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். விபத்து விவரங்களையும் அந்த அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். ஒரு மாதம் ஆனதும் இந்த உத்தரவைக் குறிப்பிட்டு ஸ்டேஷனுக்கு ஒரு மனு எழுதுங்கள். ஒப்புகை முத்திரை இல்லாமல் எந்த மனுவையும் எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். தாலுகா ஆபீஸில் வாங்க மறுத்தால், திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடமே கொடுங்கள். அங்கே பதிவு எண் கிடைக்கும். பிறகு அதே எண்ணைப் போட்டு, மனு எந்த மேசையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

இதற்கு வேண்டிய காகிதங்கள்: எஃப்ஐஆர் நகல், காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆஸ்பத்திரி பில், வங்கிப் புத்தக நகல், அடையாள அட்டை. காயச் சான்றில் 'சாதாரணக் காயம்' என்று இருந்தால் 50,000 கிடைக்காது. எலும்பு முறிந்தாலோ, பல் உடைந்தாலோ, 15 நாள் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அது சட்டப்படி கொடுங்காயம். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே சாதாரணக் காயம் என்று எழுதிவிடுவது உண்டு. எக்ஸ்ரே வந்ததும் திருத்தம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இறந்துபோனவர் குடும்பம் என்றால் வாரிசுச் சான்றும் கேட்பார்கள். அதைக் கொடுப்பதும் அதே தாலுகா ஆபீஸ்தான். அதனால் முதல் நாளே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

பின்னால் வண்டி கிடைத்துத் தீர்ப்பாயத்தில் பணம் வந்தால், இந்தத் தொகையைத் திருப்ப வேண்டும். அதற்குத்தான் மனுவோடு உறுதிமொழியும் வாங்குகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. வார்டுக்கே வந்து "சார், எல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, வங்கிப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்வது, பாதிக்குப் பாதி பேசுவது, இதில் எது நடந்தாலும் விலகிக்கொள்ளுங்கள். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. போகும்போது எஃப்ஐஆர், ஏஆர் காப்பி இரண்டின் நகலையும் கொண்டு போங்கள்.