மூதவை: பல்கலைக்கழக ‘செனட்’டுக்குத் தமிழில் என்ன பெயர்?

பல்கலைக்கழகப் பெறுபேறுகள் வெளிவரும்போது கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: செனட்டின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது. பாஸா ஃபெயிலா என்று பார்க்கிற அவசரத்தில் யாரும் அதை வாசிப்பதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும்போதுதான் “செனட் அப்ரூவ் பண்ணிட்டுதா?” என்ற கேள்வி வரும், அப்போதும் அந்தச் செனட் என்பது ஆளா, அலுவலகமா, கூட்டமா என்று பலருக்குத் தெளிவாகத் தெரியாது.

கூட்டம்தான். இலங்கையில் அதற்குச் சரியான தமிழ்ச் சொல் மூதவை. யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் இந்தச் சொல் நன்றாகவே புழங்குகிறது. கொழும்புத் தமிழர்தான் இன்னும் ‘செனட் சபை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். செனட் என்றாலே சபைதான், பிறகு எதற்கு இன்னொரு சபை?

செனட் லத்தீனிலிருந்து வந்தது. ‘செனெக்ஸ்’ என்றால் முதியவர், ‘செனாத்துஸ்’ என்றால் முதியோர் கூடும் அவை. பழைய ரோமில் நாட்டையே நடத்திய கூட்டம் அது. முது + அவை = மூதவை என்பதும் அதே பொருள்தான். முது என்பது உயிரெழுத்தோடு சேரும்போது முதலெழுத்து நீண்டு மூது ஆகும், நன்னூல் இதை ‘ஆதி நீடல்’ என்கிறது. மூதாட்டி, மூதறிஞர், மூதுரை எல்லாம் இப்படி வந்தவைதான், திருகோணமலைப் பக்கத்து மூதூரும் அப்படியே. அவை என்பது தனித்தமிழா ‘சபா’வின் தேய்வா என்று ஒரு பழைய சண்டை உண்டு, அதற்குள் நான் போகவில்லை. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன, எனக்கு அது போதும்.

சிங்களத்தில் செனட்டை ‘சனாதன சபாவ’ என்கிறார்கள். முதலில் கேட்டால் ஏதோ சமயக் கூட்டம் போலத் தோன்றும். ஆனால் சமஸ்கிருதத்தில் பழையது என்ற பொருளில் வரும் ‘சன’வும் லத்தீன் ‘செனெக்ஸ்’ஸும் ஒரே வேரிலிருந்து வந்த உறவுச் சொற்கள், அதனால் சிங்களப் பெயரும் குறி தப்பவில்லை. மூன்று மொழியிலும் வயதுதான் பேசுகிறது.

சரி, இந்த அவை செய்வதென்ன? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம், காலி வீதியில் கொழும்பிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கிப் போகிற இடம். 1960இல் கனடாவின் உதவியோடு செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தொடங்கியது. 1966இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகமாகக் கட்டியபோது அதன் கட்டுபெத்தை வளாகம் ஆயிற்று. ஒற்றைப் பல்கலைக்கழகம் என்ற அந்தப் பரிசோதனை ஏழு வருடம்கூடச் சரியாகத் தாங்கவில்லை, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்து வளாகங்களை மறுபடி தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆக்கியது. மொறட்டுவை தன் சொந்தப் பெயரில் பட்டம் கொடுப்பது அந்தச் சட்டத்தால்தான்.

அந்தச் சட்டம் பல்கலைக்கழகத்துக்குள் அதிகாரத்தை இரண்டு அவைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒன்று பேரவை, ஆங்கிலத்தில் கவுன்சில். காசு, காணி, கட்டடம், ஆட்சேர்ப்பு, ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாம் அதன் கையில். துணைவேந்தரும் பீடாதிபதிகளும் மூதவை தெரிவுசெய்து அனுப்பும் இரண்டு பேரும் அதில் இருப்பார்கள், ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிலிருந்து நியமிப்பவர்கள்தான் பெரும்பான்மை. புதிய துணைவேந்தர் வேண்டுமென்றால் மூன்று பெயரைத் தெரிந்து அனுப்புவதும் பேரவைதான், அது ஆணைக்குழு வழியாக சனாதிபதியிடம் போகும்.

மற்றது மூதவை. பாடத்திட்டம், பரீட்சை, அனுமதித் தகைமை, யாருக்கு எந்த வகுப்புப் பட்டம் என்பதெல்லாம் இங்கே. பீடாதிபதிகள், துறைத்தலைவர்கள், பேராசிரியர்கள், நூலகர், ஒவ்வொரு பீடத்திலிருந்தும் தெரிவாகி வரும் விரிவுரையாளர் இருவர் என்று படிப்பிக்கிற ஆட்களின் கூட்டம் அது. நூலகருக்கு அங்கே கதிரை இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். இரண்டுக்கும் தலைமை துணைவேந்தர், செயலாளர் பதிவாளர். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்று போலத் தெரிகிறது. ரிபீட் பரீட்சை சம்பந்தமான முறையீடு மூதவை வழியே போக வேண்டியது, நியமனத்தில் அநியாயம் என்றால் பேரவை. மாறி அனுப்பினால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும்.

குழப்பம் கடல் தாண்டும்போது கூடுகிறது. தமிழ்நாட்டில் ‘பேரவை’ அல்லது ‘ஆட்சிப் பேரவை’ என்றால் செனட். நமக்குப் பேரவை என்றால் கவுன்சில். காரணம் மொழிபெயர்ப்பாளரின் பிழை அல்ல, வரலாறு. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களை அமைத்தபோது ஆளும் பெரிய கூட்டத்துக்கே செனட் என்று பெயர் வைத்தார்கள், நடைமுறை வேலை சிண்டிகேட் என்ற சிறிய குழுவின் கைக்குப் போனது. 1972க்கு முந்தைய பழைய இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் பிறந்தது, ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். அங்கே பின்பற்றியது இங்கிலாந்தின் புதிய நகரப் பல்கலைக்கழகங்களின் முறை: ஆள்வது கவுன்சில், படிப்பைப் பார்ப்பது செனட். ஆகவே ஒரே ஆங்கிலச் சொல் பாக்கு நீரிணைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வேலை பார்க்கிறது. நம் 1978 சட்டம் வந்த அதே ஆண்டில்தான் கிண்டிப் பொறியியல் கல்லூரி முதலியவற்றைச் சேர்த்து அண்ணா பல்கலைக்கழகமும் சட்டத்தால் உருவானது. அங்கே ஆட்சிக்குழு (சிண்டிகேட்), கல்விக்குழு (அகடமிக் கவுன்சில்) என்றுதான் பேச்சு, மூதவை என்று சொன்னால் அப்புறம் விளக்கமும் சொல்ல வேண்டிவரும்.

‘கல்விப் பேரவை’ என்று மாற்றினால் வேலை என்னவென்று பெயரிலேயே தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏற்கெனவே பேரவை ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொரு பேரவை வந்தால் யாருக்கு நன்மை? மூதவை என்ற சொல் வேலையைச் சொல்லவில்லை என்பது உண்மைதான், முப்பது வயது விரிவுரையாளரும் தெரிவானால் அங்கே உட்காரலாம் என்பதும் உண்மை. ஆனால் சுருக்கமானது, வேறு எதோடும் முட்டாதது. மொழிபெயர்ப்புச் செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் கவனித்தால் சரி: ஆவணம் இலங்கையுடையது என்றால் செனட் மூதவை, கவுன்சில் பேரவை. தமிழ்நாட்டு ஆவணத்தில் ‘பேரவை’ என்று கண்டால், அது எந்த அவை என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.