வருடத்தில் சில நாள் மட்டும் ஓடும் மின் நிலையம்

2017 பிப்ரவரி 8, தெற்கு ஆஸ்திரேலியாவில் கொளுத்தும் வெயில். வேலை முடிந்து வீடு திரும்பியவர்கள் எல்லோரும் ஏசியைப் போட்ட அதே நேரத்தில் காற்று படுத்துவிட்டது, சூரியன் சாய்ந்ததால் கூரை சோலாரும் இறங்கிக்கொண்டிருந்தது. மாலை 6 மணிக்குப் பிறகு மின்தொகுப்பை நடத்தும் ஏமோ என்ற அமைப்பு 100 மெகாவாட் அளவுக்கு மின்வெட்டு செய்யச் சொன்னது. ஒரு மென்பொருள் கோளாறால் 300 மெகாவாட் வெட்டப்பட்டு, சுமார் 90,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது.

இத்தனைக்கும் அடிலெய்டு பக்கத்திலேயே பெலிக்கன் பாயின்ட் என்ற எரிவாயு நிலையத்தில் பாதி, 200 மெகாவாட்டுக்கு மேல், சும்மாவே நின்றிருந்தது. ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று உரிமையாளர் நிறுத்தி வைத்திருந்த பாதி அது. கடைசி நேரத்தில் கேட்டால் உடனே எழுப்ப முடியாது. மறுநாள் ஏமோ முன்கூட்டியே உத்தரவு போட்டது, ஓடியது.

ஏன் உடனே முடியாது? பெலிக்கன் பாயின்ட் கூட்டுச் சுழற்சி வகை. எரிவாயு டர்பைன் கக்கும் சூட்டை வீணாக்காமல், அதில் நீராவி தயாரித்து இன்னொரு டர்பைனையும் சுற்றுவார்கள். இந்த வகையின் நவீன நிலையங்களில் எரிபொருளின் ஆற்றலில் 60 சதவீதம் வரை மின்சாரமாகிறது. ஆனால் கனமான தோசைக்கல் போல, தடித்த நீராவிக் குழாய்களும் உருளைகளும் மெதுவாகத்தான் சூடேற வேண்டும். அவசரப்படுத்தினால் உலோகம் சீரில்லாமல் விரிந்து விரிசல் விடும்.

அந்த நீராவிப் பகுதியை அப்படியே விட்டுவிட்டால் கிடைப்பதுதான் பீக்கர், அதாவது உச்சநேர நிலையம். காற்றை உறிஞ்சி அழுத்தி, எரிபொருளைக் கலந்து எரித்து, சூடாகி விரியும் வாயுவால் டர்பைனைச் சுற்றிவிட்டு, மிச்சச் சூட்டைப் புகைபோக்கி வழியே வெளியே விட்டுவிடுகிறது. எரிபொருளின் ஆற்றலில் 35 முதல் 40 சதவீதம்தான் மின்சாரமாகிறது, ஊதாரிதான், ஆனால் பத்து நிமிடத்தில் முழு வேகம். இவற்றில் பல விமான எஞ்சின் வம்சம். ஓடுபாதையில் சட்டென்று வேகமெடுக்கச் செய்யப்பட்ட மெல்லிய, லேசான இயந்திரங்கள். அந்த மின்வெட்டு நடந்த அதே வருடம் மாநில அரசு வாங்கிய 9 டர்பைன்களும் அந்த ரகம், மொத்தம் 276 மெகாவாட். முதலில் டீசலில்தான் ஓடும்படி நிறுவினார்கள். டீசல் விலை அதிகம், புகையும் அதிகம், ஆனால் குழாய் இணைப்பு வேண்டாம், டாங்கியில் நிரப்பி வைத்தால் போதும். அரசின் கையில் இருந்தவரை அவை மிக அரிதாகத்தான் ஓடின, பிறகு தனியாரிடம் குத்தகைக்குப் போயின. காசு தண்டம் என்று திட்டியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஓடாமல் நின்றதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு.

டர்பைனுக்குப் பதில் பெரிய பிஸ்டன் எஞ்சின்களையே வரிசையாக வைப்பதும் உண்டு. 2019இல் அடிலெய்டை அடுத்த டோரன்ஸ் தீவில் வந்த பார்க்கர் இன்லெட் நிலையம் அப்படித்தான்: 12 எஞ்சின்கள், 210 மெகாவாட், ஐந்தே நிமிடத்தில் முழுத் திறன். 50 மெகாவாட் போதும் என்றால் மூன்றை மட்டும் ஓட்டலாம். ஒரே பெரிய டர்பைனைக் கால் பங்கு சுமையில் ஓட்டினால் எரிபொருள் வீணாகும், இங்கே அந்தத் தொல்லை இல்லை.

சரி, பேட்டரி இருக்கிறதே? இருக்கிறது, அதே மாநிலத்தில்தான் 2017 கடைசியில் டெஸ்லாவின் 100 மெகாவாட் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி வந்தது. ஒரு நொடிக்குள் பாயும், எந்த எஞ்சினும் கிட்ட வர முடியாது. ஆனால் அதில் இருந்தது 129 மெகாவாட் மணி, முழு வேகத்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி. மாலை உச்சத்தைச் சமாளிக்க பேட்டரிகளே போதும் என்ற நிலை வந்துகொண்டிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. பிரச்சினை குளிர்காலத்தில் காற்றும் வெயிலும் சேர்ந்து நான்கைந்து நாள் காணாமல் போகும்போது. பேட்டரி காலியானால் அதை நிரப்பவே உபரி மின்சாரம் இருக்காது. டாங்கியில் டீசல் இருந்தால் எஞ்சின் மூன்றாம் நாளும் ஓடும்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி. ஆஸ்திரேலியச் சந்தையில் விற்ற மின்சாரத்துக்குத்தான் பணம், காத்திருப்பதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் தட்டுப்பாடு வந்தால் விலை எகிறும். 2024-25இல் உச்சவரம்பு ஒரு மெகாவாட் மணிக்கு 17,500 ஆஸ்திரேலிய டாலர். அப்படி எகிறும் சில மணி நேரங்களையும், அந்த விலைக்குப் பயந்து, சந்தையில் மின்சாரம் வாங்கி வீடுகளுக்கு விற்கும் நிறுவனங்கள் காப்பீடு மாதிரி முன்கூட்டியே கட்டும் தொகையையும் வைத்துத்தான் பீக்கர்கள் வருடம் முழுக்கப் பிழைக்கின்றன. முன்பு அரை மணி நேரச் சராசரி விலையில் கணக்குத் தீர்த்தார்கள், 2021 அக்டோபரிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. விலை எகிறி அடங்கிய பிறகு மெதுவாக எழுந்து வருபவருக்கு இப்போது ஒன்றும் மிஞ்சாது.

பேட்டரிகள் பெருகப் பெருக அந்த விலை எகிறல்களும் குறையும், பீக்கர் ஓடும் நேரமும் குறையும், ஆனால் அந்தக் காற்றில்லாத வாரத்துக்கு அது தேவைப்படுவது மட்டும் குறையாது. அதனால் காத்திருப்பதற்கே ஒரு தொகை கொடுத்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலிய மத்திய அரசின் திறன் முதலீட்டுத் திட்டம் (புதிய நிலையங்களின் வருமானம் குறைந்தால் ஓரளவு ஈடுகட்டும் திட்டம்) கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது, ஆனால் அதில் எரிவாயுவுக்கு இடம் கொடுக்கவில்லை.