விருந்தினர் அறையில் நீங்கள் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்ததுண்டா?

சென்னை முகப்பேரில் ஒரு ஃபிளாட். அதன் மூன்றாவது அறை, பத்துக்குப் பத்து. அதுவரை அயர்ன் டேபிளும் கொலு பொம்மைப் பெட்டிகளும் குடியிருந்த இடம். அதை விருந்தினர் அறையாக்கித் தரச் சொன்னார்கள், செய்து கொடுத்தோம். சாம்பல் நிறச் சுவர், பஞ்சு வைத்துத் தைத்த தலைமாட்டுப் பலகை, தொங்கும் விளக்கு இரண்டு, தாழ்வான கட்டில், அதன்மேல் ஏழு குஷன். போட்டோவில் பிரமாதமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து அலமாரிக் கதவின் கீல் தளர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனால், ஹால் திவானில் தலையணையும் போர்வையும் மடித்து வைத்திருந்தது. தென்காசியிலிருந்து வீட்டுக்காரரின் அப்பா வந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். "உள்ள படுக்கலையா ஐயா?" என்று கேட்டேன். "ரூம் நல்லாத்தான் இருக்கும்மா. ராத்திரி எந்திரிக்கத்தான் முடியல" என்றார்.

டேப்பை எடுத்து அளந்தேன். மெத்தையோடு சேர்த்து 14 அங்குலம். உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் அமுங்கும். முழங்கால் இடுப்பை விட மேலே போய்விடும், அந்த வயதில் கையை ஊன்றினால்கூட எழுவது கஷ்டம். வரைபடத்தில் அந்தக் கட்டிலைப் போட்டது நான்தான்.

அதற்கப்புறம் விருந்தினர் அறை வேலை வந்தால் நான் முதலில் கேட்பது வண்ணத்தைப் பற்றியல்ல, யார் வந்து தங்குவார்கள் என்றுதான். நம் வீடுகளில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா, மாமனார் மாமியார், கல்யாணத்துக்கு வரும் சித்தப்பா குடும்பம், தலைப்பிரசவத்துக்கு வரும் மகள். ஹோட்டல் அறையைப் பார்த்துக் காப்பியடித்தால் இவர்களில் யாருக்கும் பொருந்தாது.

கட்டில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், முழங்கால் செங்கோணமாக மடங்க வேண்டும். மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம் பலருக்கும் சரியாக வரும். குள்ளமான பாட்டிக்கு 17 போதும். சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில் வாங்கி அதன்மேல் எட்டு அங்குல மெத்தை போட்டால் சில சமயம் 22-ஐத் தாண்டிவிடும், பாட்டியின் கால் அந்தரத்தில் தொங்கும். பெட்டிக் கட்டிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுந்திருக்கும்போது நாம் தன்னையறியாமல் குதிகாலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வோம். பலகை தரைவரை இறங்கியிருந்தால் அதற்கு இடம் இருக்காது. அடியில் நாலு அங்குலமாவது வெற்றிடம் விடச் சொல்லுங்கள், தச்சருக்கு அது பெரிய வேலையில்லை.

பெரிய கட்டில் ஒன்றுக்குப் பதிலாக மூன்றடி அகலத்தில் இரண்டு கட்டில் போடலாம் என்பது என் கட்சி. தம்பதி வந்தால் சேர்த்துப் போடலாம், மாமியாரும் நாத்தனாரும் வந்தால் பிரித்துப் போடலாம். சுவரோரம் படுப்பவர் ராத்திரி இன்னொருவரைத் தாண்டி இறங்க வேண்டியதில்லை.

அடுத்தது வெளிச்சம். கதவருகே மட்டும் சுவிட்ச் இருந்தால், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தடவிக்கொண்டுதான் கட்டிலுக்கு வர வேண்டும். தலைமாட்டில் இன்னொன்று, அதாவது டூ-வே சுவிட்ச், வேண்டும். பக்கத்திலேயே செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக். சுவர் உடைக்க மனமில்லையென்றால், ஆள் நடந்தால் தானே எரியும் சென்சார் விளக்கைப் பாத்ரூம் போகும் வழியில் ஒட்டிவிடுங்கள். அதே வழியில் கிடக்கும் குட்டிக் கம்பளத்தை எடுத்துவிடுங்கள். வழவழப்பான டைல்ஸ் மேல் அது வழுக்கும், இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்துவிட்ட பெரியவர்கள் எல்லோர் உறவிலும் உண்டு.

பூட்டியே கிடக்கும் அறையின் பாத்ரூமில் சாக்கடை நாற்றம் வரும். கிளீனர் வாங்கி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், போகாது. தரை வடிகாலுக்கு அடியில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் குழாயிலிருந்து வரும் வாயுவைத் தடுக்கிறது. சில வாரம் புழங்காவிட்டால் அது வற்றிப்போகும். வாரம் ஒருமுறை ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, யாரும் நம்புவதில்லை.

இன்னொன்று, அந்துருண்டை. பரணில் இருக்கும் போர்வைக்குள் போட்டு வைத்ததை அப்படியே எடுத்துக் கைக்குழந்தைக்கு விரித்துவிடாதீர்கள். பல உருண்டைகளில் இருப்பது நாப்தலின். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருப்பது பெற்றவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். பிள்ளை வரும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம்.

அலங்காரமா? சுவருக்கு வெளிர் நிறம், ஆட்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே பெயின்ட் வாசனை போகும்படி அடித்துவிடுங்கள். சென்னிமலைப் பெட்ஷீட், கட்டில்மேல் மடித்துப் போட ஒரு பவானி ஜமக்காளம், மூலையில் சுருட்டி வைத்த பத்தமடைப் பாய். இவற்றுக்கு மேல் எந்தக் குஷனும் தேவைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அலமாரியில் ஒரு தட்டையாவது காலியாக விடுங்கள். உங்கள் பழைய பட்டுப்புடவைகளுக்கு நடுவே வேட்டியை வைக்க எந்த மாமனாரும் துணிய மாட்டார், பை கடைசிவரை தரையிலேயே கிடக்கும். கதவுக்குப் பின்னால் நாலு கொக்கி, கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று.

எல்லாம் முடிந்ததும் ஒரு ராத்திரி நீங்களே அங்கே படுங்கள். ஃபேன் கிறீச்சிடுவதும், தெருவிளக்கு கண்ணில் அடிப்பதும், ஜன்னல் வலையில் ஓட்டை இருப்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

முகப்பேர் கட்டிலுக்கு ஐந்து அங்குலத்தில் புதுக் கால் போட்டுக் கொடுத்தோம், என் செலவில். ஐயா இப்போது ராத்திரி உள்ளேதான் படுக்கிறாராம். மத்தியானத் தூக்கம் மட்டும் இன்னும் ஹால் திவானில்தான். அங்கேதான் டிவி இருக்கிறது.