பல்லில் கடித்துப் பார்க்கும் ஈரம்

இலங்கையின் கிழக்கே, சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்று. களத்தில் காயும் புழுங்கல் நெல்லில் ஒரு மணியை எடுத்து, உமி நீக்கி, கடைவாயில் வைத்துக் கடிக்கிறார் மூத்த தொழிலாளி. டக்கென்று முறிந்தால் நெல்லை அள்ளலாம். நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். அவர் கணிப்பு அநேகமாகப் பிழைப்பதில்லை. கலியாண வீடு என்று அவர் நான்கு நாள் போய்விட்டால்தான் குறுணல் மூட்டைகள் கூடுகின்றன.

ஈரம் 14 வீதத்தை ஒட்டி நிற்கும்போது மணி முழுதாகத் தேறும். கூடினால் தீட்டும்போது நசியும். கொளுத்தும் வெயிலில் அவசரமாகக் காய்ந்தாலோ, மேற்புறம் முந்திச் சுருங்க, உள்ளே ஈரம் தங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். இயந்திரத்துக்குள் போனதும் அந்த மணி இரண்டாகிவிடும்.

ஓர் ஆலையின் வேலைமுறை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை உற்பத்தி முதிர்ச்சி என்பார்கள். அதை மதிப்பிட வருபவர் இயந்திரத்தின் வயதைக் கேட்பதில்லை. ஆள் மாறினாலும் அதே அரிசி வருமா என்றுதான் பார்க்கிறார். இந்த முதிர்ச்சியைப் படிப்படியாகப் பிரிப்பது வழக்கம். தர நிர்வாகத்துக்கு ஐந்து படிகளை 1979இல் அமெரிக்கத் தர நிபுணர் பிலிப் கிராஸ்பி வகுத்தார். மென்பொருளுக்கான ஐந்து படிகளை அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் 1991இல் வெளியிட்டது. தொழிற்சாலைகளுக்கென ஜேர்மனியின் அக்காடெக் என்ற அறிவியல், பொறியியல் கழகம் 2017இல் ஆறு படிகளைச் சொன்னது: கணினி வருவது, கணினிகள் இணைவது, நடப்பது தெரிவது, ஏன் நடக்கிறதென்று புரிவது, நடக்கப்போவதைக் கணிப்பது, அதற்கேற்ப ஆலை தானே மாறிக்கொள்வது.

நம் ஆலை முதற்படிக்கும் வரவில்லை. அறிவு முழுவதும் ஒருவர் பல்லில் இருக்கிறது. முதலாளியோ நிறம் பிரிக்கும் இயந்திரம் வாங்கும் யோசனையில் இருக்கிறார். கறுத்த மணியைக் கமராவால் கண்டு காற்றால் ஊதித் தள்ளும் அருமையான கருவி அது. முறிந்த மணியை ஒட்டவைக்கத் தெரியாது.

எல்லாத் துறைக்கும் புள்ளி போட்டுச் சராசரி எடுப்பவர்களை நான் நம்புவதில்லை. கணக்கு எழுதுவதில் நான்கு, காயவைப்பதில் ஒன்று என்றால் சராசரி இரண்டரை. ஆனால் காசு ஒழுகுவது அந்த ஒன்றில். எல்லோரும் உச்சிக்கு ஏறவும் தேவையில்லை. கூலிக்கு நெல் குற்றும் ஆலைக்கு ஈரமானியும் ஒரு கொப்பியும் தாராளம். பெயர் அச்சிட்ட பைகளில் கொழும்புக்கு அனுப்புபவர், எந்தப் பை எந்த நாள் காய்ந்த நெல் என்று சொல்லக்கூடிய படிக்காவது ஏற வேண்டும்.

ஈரமானி வந்ததும் மூத்தவரை ஓரங்கட்டிவிடக் கூடாது. முதல் இரண்டு கிழமைக்கு அவர் கடிக்கட்டும், பக்கத்தில் கருவியும் அளக்கட்டும். கொப்பியில் மூன்று நிரல்கள் போதும்: கருவி காட்டிய எண், அவர் சொன்ன சொல், அன்று விழுந்த குறுணல்.