பத்து மீட்டர்தானே என்று இறங்குகிறவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கும் நான் ஆழ்கடலைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் எளிமையானது. அந்தமானுக்கும் மாலத்தீவுக்கும் விடுமுறைக்குப் போய், ஸ்கூபா முக்குளிப்பு செய்துவிட்டு, காது அடைப்போடும் மூக்கில் ரத்தத்தோடும் திரும்புகிற வடசென்னைக்காரர்களில் பலர் என்னிடம்தான் வருகிறார்கள். முக்குளிக்க நானும் பயிற்சி பெற்றிருப்பதால், காதைப் பார்த்து முடித்தவுடன் படகைப் பற்றி விசாரிப்பது என் வழக்கம். அதற்குக் கிடைக்கும் பதில்கள் எரிச்சலூட்டுவதையும் தாண்டி இப்போது அச்சமூட்டத் தொடங்கிவிட்டன.

அண்மையில் வந்த ஒரு புதுமாப்பிள்ளைக்கு ஒரு காதில் கேட்கும் திறன் பெரும்பாலும் போயிருந்தது. நேராக நடக்க முடியாத அளவுக்குத் தலைச்சுற்றலும் இருந்தது. சளியோடு இறங்கியிருக்கிறார். காது வலிப்பதாகச் சைகை காட்டியபோது, உடன் இருந்தவர் மூக்கைப் பிடித்து இன்னும் பலமாக ஊதச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையிலேயே விமானம் ஏறி ஊர் வந்து, வீட்டில் பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு, ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். பலமாக ஊதியதில் சேதமடைந்தது செவிப்பறை அல்ல, உட்செவி. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களில் தொடங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பலன், இத்தனை நாள் கழித்துத் தொடங்கும்போது கிடைப்பதில்லை. எந்த நிறுவனத்தின் படகில் சென்றார் என்று கேட்டேன். அவருக்குப் பெயர் நினைவில்லை. ஒரு காதின் கேட்கும் திறனைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு, அதை யாரிடம் கொடுத்தோம் என்பதுகூடத் தெரியவில்லை.

“பத்து மீட்டர்தானே டாக்டர், ஆழமே இல்லையே” என்று அவரும் சொன்னார். நான் மிக அதிகமாகக் கேட்பதும், கேட்கும்போதெல்லாம் என்னைப் பொறுமை இழக்க வைப்பதும் இந்த ஒரு வாக்கியம்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்தில் நம் உடல்மீது இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டாகிறது, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. அதாவது செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவியில் இருக்கும் காற்று, முதல் பத்து மீட்டரில் பாதியாகச் சுருங்க முற்படுகிறது. இருபது மீட்டரிலிருந்து முப்பதுக்குப் போகும்போதோ, மூன்றில் ஒரு பங்காக இருந்தது நான்கில் ஒரு பங்காகிறது, அவ்வளவே. ஆகவே காற்றின் கன அளவு மிக வேகமாக மாறும் இடம், நீங்கள் ஆபத்தே இல்லை என்று நம்பும் அந்த முதல் பத்து மீட்டர்தான். ஏற்காட்டில் குடித்து முடித்து இறுக மூடிய தண்ணீர் பாட்டில் சேலம் வந்து சேர்வதற்குள் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரக் காற்று செய்யும் அந்த வேலையைத் தண்ணீர் இரண்டு மீட்டருக்குள் செய்துவிடும்.

மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழல் வழியாகக் காற்றை உள்ளே அனுப்பி இந்த அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். சமன்செய்யாமல் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டினாலே அக்குழல் இறுகி மூடிக்கொள்ளும். அதன் பிறகு ஊதுவது கதவைத் திறப்பதில்லை, உட்செவியைத்தான் தாக்குகிறது. செவிப்பறை கிழிவதற்கு ஐந்து மீட்டர்கூடத் தேவையில்லை. எனவே மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுவதைத் தண்ணீரின் மேற்பரப்பிலேயே தொடங்கி, ஒவ்வொரு அரை மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே செய்யுங்கள். வலி வந்துவிட்டால் மேலே ஏறுங்கள். மீண்டும் முயன்றும் திறக்காவிட்டால் அன்றைய முக்குளிப்பு முடிந்தது. சளி இருக்கும்போது மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம், ஏனெனில் மருந்தின் வேகம் கடலுக்கடியில் குறைந்துவிட்டால், ஏறும்போது காற்று வெளியேற வழியிருக்காது.

நுரையீரலுக்கும் இதே கணக்குதான், விளைவு மட்டும் கொடியது. சிலிண்டர் காற்றை நிறைய இழுத்து மூச்சை அடக்கிக்கொண்டு ஓரிரு மீட்டர் மேலே ஏறினாலே நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகக்கூடும். இலவச வீடியோவுக்காக, குமிழிகள் முகத்தை மறைக்காமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படம் மங்கலாக இருந்தாலும் மூச்சு நிற்காமல் போய்வந்துகொண்டிருக்கட்டும்.

காசிமேட்டுத் தம்பிகள் சிலர், சிறு வயதிலிருந்தே கடலில் கிடப்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பதுண்டு. நீச்சல் பதற்றத்தைக் குறைக்கும். செவிப்பறைக்கு நீச்சல் தெரியாது. ஆனால் அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, அதை நம் சுற்றுலாப் பயணிகள் கற்றுக்கொள்ளலாம்: எஞ்சினையும் வானத்தையும் உடன் வருகிற ஆட்களையும் பார்க்காமல் அவர்கள் விசைப்படகில் கால் வைப்பதில்லை. நாமோ, கைபேசியில் எந்த விலை குறைவு என்று மட்டும் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறோம்.

படகில் ஏறுமுன் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, எல்லோரும் தண்ணீரில் இறங்கிய பிறகு படகில் யார் இருப்பார் என்பது. படகை ஓட்டத் தெரிந்த ஒருவர் கட்டாயம் மேலே இருக்க வேண்டும். அவரே வழிகாட்டியாகவும் இறங்கிவிடுவார் என்றால் அந்தப் படகு வேண்டாம். இரண்டாவது, திரும்பும்போது ஆட்களை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்பது. தலைகளை எண்ணினால் போதாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் வாயால் பதில் வாங்க வேண்டும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில், ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பியது. அவர்களின் பை படகில் கிடந்ததைக் கண்டு, இருவரும் திரும்பவில்லை என்று உணர்ந்தபோது இரண்டு நாட்கள் கடந்திருந்தன. அவர்கள் கிடைக்கவேயில்லை. அந்தப் படகிலும் எண்ணிக்கை எடுத்திருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஆக்சிஜன். உங்கள் முதுகில் இருக்கும் சிலிண்டரில் இருப்பது வடிகட்டி அழுத்திய சாதாரணக் காற்று. நான் சொல்வது அவசரச் சிகிச்சைக்கான தூய ஆக்சிஜன். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழியாவதால் வரும் அழுத்தக் குறைவு நோய்க்கு முதலுதவி அதுவே. அந்தமானில், நோயாளியை உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அழுத்த அறை, முன்பு போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது. ஹேவ்லாக் தீவிலிருந்து, அதாவது இன்றைய சுவராஜ் தீவிலிருந்து, விரைவுப் படகிலேயே அங்கே போய்ச்சேர ஒன்றரை மணி நேரமாகும். அவ்வளவு நேரம் தாங்கும் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டு, பெட்டியைத் திறந்தும் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பவர்களிடம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள். ரேடியோ, லைஃப் ஜாக்கெட், உறுதியான ஏணி, ஆட்கள் ஏறும்போது எஞ்சினை நிறுத்தும் வழக்கம் ஆகியவை உங்கள் கண்ணுக்கே தெரியும். காற்று நிரப்பும் கம்ப்ரசர் எஞ்சின் புகைக்கு அருகில் இருந்தாலோ, சிலிண்டர் காற்றில் எண்ணெய் வாடை அடித்தாலோ அதைச் சுவாசிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது என்றாலும், அதனோடு சேர்ந்து வருபவற்றுக்கு உண்டு.

இரவு தங்கும் சஃபாரி படகுகளில் மாலத்தீவுக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டும். 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியாக் கடலில் இத்தகைய ஒரு படகு விடியற்காலையில் தீப்பிடித்ததில், கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். சுற்றிவந்து பார்க்கும் இரவுக் காவல் அன்று இல்லை. உங்கள் படகில் இரவில் யார் விழித்திருப்பார், கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே என்பவற்றை முதல் நாள் மாலையே கேட்டு, அந்த வழியில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

பயிற்சி பெறாமல் அனுபவத்துக்காக மட்டும் இறங்குகிறவரை ஒரு பயிற்றுநர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பாடி என்ற சர்வதேசப் பயிற்சி அமைப்பு (நம் அம்பத்தூர் பக்கத்துப் பாடி அல்ல) இத்தகையவர்களுக்கு 12 மீட்டரை எல்லையாக வைத்திருக்கிறது. சான்றிதழ் வாங்கியவர்களின் நிலைமை வேறு. தனியாகப் போனால், படகில் அன்றுதான் பார்த்த ஒருவரோடு அவர்களை ஜோடி சேர்த்துவிடுவார்கள், நாமும் மரியாதை கருதி எதுவும் கேட்காமல் இறங்கிவிடுகிறோம். கடலுக்குள் உங்கள் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் மாற்றுக் காற்று தரப்போகிறவர் அவர்தான் என்பதால், அங்கே கூச்சத்துக்கு இடமில்லை.

கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்று கேளுங்கள். சான்றிதழ் வாங்கியதைவிட அதுதான் முக்கியம். எவ்வளவு ஆழம், எவ்வளவு காற்று மிஞ்சும்போது திரும்புவது என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவுசெய்யுங்கள். சிலிண்டரில் மிஞ்சும் காற்றின் அழுத்தத்தை நாம் பார் அளவில் கற்றிருப்போம், அமெரிக்கக் கருவி வைத்திருப்பவர் பி.எஸ்.ஐ. அளவில் படிப்பார், உங்கள் 50 அவருக்குச் சுமார் 700. அவருடைய மாற்று ரெகுலேட்டர் (அவசரத்தில் அடுத்தவர் மூச்சிழுப்பதற்கான வாய்க்கருவி) எங்கே தொங்குகிறது, மூழ்குவதற்காகக் கட்டும் எடைப் பட்டையை எப்படிக் கழற்றுவது என்பதைத் தொட்டுப் பாருங்கள், உங்களுடையதையும் அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டைவிரலை உயர்த்துவது நமக்குப் பாராட்டு. தண்ணீருக்கடியில் அதன் பொருள் மேலே போகலாம் என்பது. நலமாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டமாகக் காட்ட வேண்டும். ஒருவரையொருவர் தவறவிட்டால், ஒரு நிமிடம் சுற்றிலும் தேடிவிட்டு இருவரும் மெதுவாக மேலே வந்துவிட வேண்டும் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பெரிய கேமராவோடு வருகிறவர் உங்கள் ஜோடியானால், அவர் தனியாகத்தான் முக்குளிக்கப் போகிறார் என்று வைத்துக்கொண்டு வேறு ஜோடி கேளுங்கள். நல்ல வழிகாட்டி அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

விமானத்தைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறையோ பல நாட்களோ முக்குளித்தவர் 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் குறைவதால் உடலில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகும் வாய்ப்பு அதிகம். சென்னைத் துறைமுகத்துக்குக் கப்பலில் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, மூன்று நாள் கடல்தான். முக்குளித்த ஒருநாளுக்குள் தோளிலோ முழங்காலிலோ வலி, மரத்துப்போதல், விவரிக்க முடியாத சோர்வு வந்தால், கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காமல் மருத்துவரிடம் போங்கள். கடலில் இறங்கியதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். காது அடைத்தாலோ கேட்காமல் போனாலோ எண்ணெய், பட்ஸ், தண்ணீர் எதுவும் வேண்டாம். மறுநாளே வாருங்கள்.

இனி, முக்குளிக்குமுன் நிரப்பித் தரச் சொல்லும் மருத்துவப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை என ஒவ்வொன்றாகக் கேட்கும் அத்தாளில், படகு கிளம்பும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறித்துவிடுகிறவர்கள் ஏமாற்றுவது படகுக்காரரை அல்ல. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே படிவத்தைக் கேட்டு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து உண்மையாக நிரப்பி, ஒரு கேள்விக்காவது ஆம் என்று பதில் வந்தால் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். காதையும் மூக்கையும் பார்த்து, தேவையானால் கேட்கும் திறனைச் சோதித்து, அதன் பிறகே நான் கையெழுத்திடுவேன். விடியற்காலை விமானத்துக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்குப் படிவத்தோடு வருகிறவர்களுக்குக் கையெழுத்திடுவதில்லை; யார் சிபாரிசில் வந்தாலும்.